கண்ணாடி போனதா, டச் போனதா, டிஸ்ப்ளேயே போனதா? அறிகுறி பார்த்துத் திரையைச் சரிசெய்யும் வழி

"டிஸ்ப்ளே போச்சு" என்று கடையில் போய்ச் சொன்னால், முழு டிஸ்ப்ளேவுக்குத்தான் விலை சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் சொன்னது அதைத்தான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. சிலவற்றுக்குச் செலவே இல்லை. சிலவற்றுக்குக் கண்ணாடி மட்டும் மாற்றினால் போதும். சிலவற்றுக்குத்தான் முழுத் திரை.

போனின் முகத்தில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலே நாம் தொடும் கண்ணாடி. அதன் கீழே விரலின் இடத்தைக் கண்டுபிடிக்கும் டச் உணரி. அதற்கும் கீழே படம் காட்டும் பேனல். பேனல் எல்சிடியாக இருந்தால் அதன் முதுகில் பேக்லைட் இருக்கும். ஓஎல்இடி, அமோலெட் வகைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், பேக்லைட் கிடையாது. பழைய போன்களில் மேல் கண்ணாடியையும் டச்சையும் கழற்றி மாற்றிவிடலாம். இப்போது மூன்றையும் ஓசிஏ எனப்படும் ஒளி ஊடுருவும் பசைத்தாளால் ஒன்றாக ஒட்டிவிடுகிறார்கள். பல மாடல்களில் டச் உணரி பேனலுக்குள்ளேயே இருக்கிறது. 2012இல் வந்த ஐபோன் 5 அப்படித்தான். இதனால்தான் கடைக்காரர்கள் "காம்போ" என்று எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

ஆகவே முதல் கேள்வி எந்த அடுக்கு போனது என்பது. அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது.

உள்ளே இருப்பது பத்திரமா?

போன் சரியாக வேலை செய்யவில்லை என்றால் கை தானாக ரீஸ்டார்ட் பக்கம் போகும். திரை உடைந்த போனில் அதுதான் நாம் செய்யும் மிகப் பெரிய தவறு. ஆண்ட்ராய்டோ ஐபோனோ, அணைத்துப் போட்டால் முதல் தடவை பின் எண்ணையோ பேட்டர்னையோ போட்டே ஆகவேண்டும். அதுவரை கைரேகையும் முகமும் செல்லாது. டச் பாதி செத்த திரையில் எண் 5 விழும் இடம் செத்த பகுதியாக இருந்தால், நம் போனுக்குள் நாமே நுழைய முடியாது.

கைரேகை வைத்தால் திறக்கிறது என்றால், இப்போதே திறந்து, படங்களையும் தொடர்புகளையும் அரட்டைகளையும் வெளியே எடுங்கள். சார்ஜ் இறங்கித் தானாக அணைந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கி ஓடிபி வரவேண்டும் என்றால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போடலாம். இ-சிம் என்றால் அந்த வழி இல்லை. சேவை நிறுவனத்திடம் புதிதாக வாங்கவேண்டியிருக்கும். இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான குறியீடு தரும் செயலி இந்த ஒரே போனில்தான் இருக்கிறதா என்பதையும் யோசியுங்கள். பலருக்குத் திரை போன கவலையைவிட அந்தச் செயலி போன கவலைதான் பெரிதாக முடிகிறது.

டச் முழுக்கச் செத்து, படம் மட்டும் தெரிகிறதா? ஆண்ட்ராய்டு போனில், யூஎஸ்பி கருவிகளைப் போனில் மாட்ட உதவும் ஒரு ஓடிஜி இணைப்பானைச் செருகி, சாதாரணக் கணினி மவுஸை மாட்டிப் பாருங்கள். ஓடிஜி ஆதரவு இருக்கும் போனில் திரையில் அம்புக்குறி வந்துவிடும். பின் எண் போடலாம், எல்லாம் செய்யலாம். திரையை மாற்றும் வரை இரண்டு வாரம் மவுஸுடனேயே போனை ஓட்டியவர்கள் உண்டு. ஐபோனிலும் ஐஓஎஸ் 13 முதல் அசிஸ்டிவ் டச் வழியாக மவுஸ் வேலை செய்யும். ஆனால் பூட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால், திறக்காத வரை யூஎஸ்பி கருவிகளை அது பொதுவாக ஏற்காது.

படமும் இல்லை என்றால் வழிகள் குறைகின்றன. டைப்-சி துளை வழியாக வெளித்திரைக்குப் படம் அனுப்பும் வசதி உள்ள போனாக இருந்தால், எச்டிஎம்ஐ உள்ள ஒரு யூஎஸ்பி ஹப் வாங்கி மானிட்டரில் பார்க்கலாம். விலை உயர்ந்த மாடல்களில் பலவற்றில் அது உண்டு, மலிவானவற்றில் பெரும்பாலும் இல்லை. கணினியில் போன் திரையைக் காட்டும் இலவச மென்பொருள்களை யாராவது பரிந்துரைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: கணினி வழியே போனை இயக்க அனுமதிக்கும் யூஎஸ்பி டீபக்கிங்கை முன்பே இயக்கி, அந்தக் கணினிக்கு அனுமதியும் கொடுத்திருந்தால்தான் அவை உதவும். ஐபோனில் ஐகிளவுட் காப்பு ஏற்கெனவே இயக்கத்தில் இருந்தால், பழகிய வைஃபை எட்டும் இடத்தில் சார்ஜரில் போட்டு, பூட்டியபடி ஓர் இரவு விட்டுவிடுங்கள். தானாகவே காப்பு எடுத்துக்கொள்ளும்.

சரி, இனி அறிகுறிகள்.

விரிசல் இருக்கிறது, டச்சும் படமும் நன்றாக இருக்கின்றன

முதலில் டெம்பர்ட் கிளாஸை உரித்துப் பாருங்கள். கிண்டல் செய்யவில்லை. என் அக்கா ஒருமுறை சிலந்தி வலை போல நொறுங்கிய போனைக் கொண்டுவந்து, புதுப் போன் வாங்கலாமா என்று கேட்டாள். ஓரத்தில் நகத்தை விட்டுத் தூக்கினேன். நொறுங்கியது முழுவதும் மேலே ஒட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடி. அடியில் திரையில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் கண்ணாடி மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். நகத்தை ஓரத்தில் வைத்து இழுத்தால் ஒரு படி தட்டுப்படும். விரிசல் அந்தப் படிக்கு மேலேயே நின்றுவிடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

உண்மையான கண்ணாடிதான் போயிருக்கிறது, ஆனால் படத்தில் கறையோ கோடோ இல்லை என்றால் பேனல் தப்பித்திருக்கிறது. இந்த நிலையில் அவசரம் இல்லை, அலட்சியமும் கூடாது. போன் கண்ணாடியைச் சூடான உப்புக் கரைசலில் மூழ்கவைத்து, அதன் மேற்பரப்பில் இருக்கும் சோடியம் அயனிகளை நீக்கி, பெரிய பொட்டாசியம் அயனிகளைத் திணித்துத்தான் உறுதியாக்குகிறார்கள். மேற்பரப்பு எப்போதும் இறுக்கத்தில் இருக்கும், உட்பகுதி அதற்கு எதிராக இழுபட்டுக்கொண்டிருக்கும். விரிசல் அந்த மேல் அடுக்கைத் தாண்டிவிட்டால், அப்புறம் பையில் ஒரு அழுத்தம், வெயிலில் ஒரு சூடு போதும், அது நீண்டுகொண்டே போகும். நேற்று ஒரு மூலையில் இருந்த கோடு இன்று நடுவுக்கு வந்திருப்பது இதனால்தான்.

இப்போதைக்குச் செய்யவேண்டியது இவ்வளவுதான்: திரையை உலர்ந்த துணியால் மெதுவாகத் துடைத்து, அகலமான ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவையோ புதிய டெம்பர்ட் கிளாஸையோ ஒட்டிவிடுங்கள். டச் அதன் வழியாகவும் வேலை செய்யும். கண்ணாடித் தூள் விரலிலும் கன்னத்திலும் ஏறாது. தண்ணீர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பெட்டியில் தண்ணீரும் தூசியும் தாங்கும் என்பதற்கான ஐபி68 குறியீட்டை அச்சடித்திருந்தாலும், விரிசல் விட்ட அன்றே அது பழைய கதை.

பற்பசை, சமையல் சோடா, சூப்பர் குளூ என்று சுற்றும் வைத்தியங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பற்பசை ஒரு மெல்லிய உரசுபொருள். அது விரிசலை நிரப்பாது, விரல் ரேகை ஒட்டாமல் இருக்கப் பூசிய படலத்தைத்தான் தேய்த்து எடுக்கும். சூப்பர் குளூ காயும்போது வரும் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். விரிசல் வழியே இறங்கினால் நன்றாக இருந்த பேனலும் கெடும்.

கண்ணாடி மட்டும் மாற்றுவது சாத்தியமே. ஆனால் அது வீட்டு வேலை அல்ல. சூடான தட்டில் திரையை வைத்து, மெல்லிய கம்பியால் கண்ணாடிக்கும் பேனலுக்கும் இடையே அறுத்து, பழைய பசையை நீக்கி, புதிய ஓசிஏ தாளை வெற்றிடத்தில் ஒட்டி, அழுத்தக் கலனில் வைத்துக் குமிழிகளைப் போக்கவேண்டும். இந்த எந்திரங்கள் எல்லாம் உள்ள கடையில், தட்டையான திரைக்கு இது நல்ல தேர்வு: உங்கள் அசல் பேனல் உங்களிடமே இருக்கும். ஓரம் வளைந்த ஓஎல்இடி என்றால் கம்பி அறுக்கும்போது பேனல் போய்விடும் வாய்ப்பு அதிகம். "பிரிக்கும்போது பேனல் போனால் யார் பொறுப்பு?" என்று முன்பே கேட்டுவிடுங்கள். பதில் தெளிவாக வராத இடத்தில் கொடுக்கவேண்டாம்.

விரிசலே இல்லை, டச் மட்டும் கேட்கவில்லை

இதில்தான் அதிகப் பணம் வீணாகிறது, ஏனென்றால் இவற்றில் பல செலவில்லாமல் தீரக்கூடியவை.

போன் உறைந்துபோயிருக்கிறதா, டச் போயிருக்கிறதா என்று பிரித்தறியுங்கள். மேலே உள்ள கடிகாரம் ஒரு நிமிடம் கழித்து மாறுகிறதா? ஒலி பட்டனை அழுத்தினால் திரையில் ஒலியளவு வருகிறதா? இரண்டும் நடந்தால் போன் ஓடுகிறது, டச் மட்டும்தான் பிரச்சினை. எதுவும் நடக்கவில்லை என்றால் மென்பொருள் தொங்கிவிட்டது. அப்போது கட்டாய ரீஸ்டார்ட் செய்யலாம், பின் எண் மட்டும் உங்களுக்கு நன்றாக நினைவிருக்கட்டும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனையும் ஒலிக் குறைப்பு பட்டனையும் சேர்த்து 10 முதல் 20 நொடி வரை பிடிக்கவேண்டும். சிலவற்றில் பவர் மட்டும் 30 நொடி. ஐபோன் 8 முதல் வந்தவற்றில் ஒலி கூட்டும் பட்டனை ஒரு தட்டு, குறைக்கும் பட்டனை ஒரு தட்டு, பிறகு பக்கவாட்டு பட்டனை ஆப்பிள் சின்னம் வரும் வரை விடாமல் பிடிப்பது.

மீண்டும் வந்த பிறகும் டச் மந்தமாக இருந்தால் டெம்பர்ட் கிளாஸை எடுத்துவிட்டு முயலுங்கள். தடிமனான கண்ணாடி, அடியில் புகுந்த தூசி, ஓரம் மட்டும் பசை உள்ள மலிவு ரகம் ஆகியவை விரலுக்கும் உணரிக்கும் நடுவே காற்றுவெளி விட்டுவிடும். விரல் தரும் மிகச் சிறிய மின்மாற்றத்தைத்தான் உணரி அளக்கிறது. ஈரமான விரலும் காய்ந்து தடித்த தோலும் அந்தக் கணக்கைக் குழப்பும். ஆண்ட்ராய்டில், நீங்கள் சேர்த்த செயலிகள் ஓடாத சேஃப் மோடில் போட்டுப் பாருங்கள்: பெரும்பாலான போன்களில் பவர் மெனுவில் "அணை" என்பதை அழுத்திப் பிடித்தால் கேட்கும். அங்கே நன்றாக ஓடினால் நீங்கள் சேர்த்த ஏதோ ஒரு செயலிதான் காரணம்.

எல்லாம் செய்தும் டச் இல்லை, போன் அண்மையில் விழுந்திருக்கிறது என்றால், உள்ளே திரையின் ஸ்ட்ரிப் கேபிளை மதர்போர்டில் பிடிக்கும் கனெக்டர் தளர்ந்திருக்கலாம். திறந்து, பேட்டரி இணைப்பை எடுத்து, அந்தக் கனெக்டரைக் கழற்றி மாட்டினாலே உயிர் வரும் போன்கள் ஏராளம். கடையில் "புதுசு போடறதுக்கு முன்னாடி பழைய ஸ்ட்ரிப்பை ஒருதரம் கழட்டி மாட்டிப் பாருங்க" என்று கேட்பதில் தவறே இல்லை.

தண்ணீர் பட்டு இப்படி ஆகியிருந்தால் அரிசி டப்பாவுக்குள் போடாதீர்கள். அரிசித் தூள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிளே 2024இல் எச்சரித்திருக்கிறது. அணைத்து, காற்றோட்டத்தில் வைத்து, உப்புத் தண்ணீர் என்றால் தாமதிக்காமல் திறந்து சுத்தம் செய்யக் கொடுப்பதுதான் வழி.

ஒரு பட்டையில் மட்டும் டச் இல்லை

சாம்சங் போனில் டயல் செய்யும் இடத்தில் *#0*# என்று அடித்தால் சோதனைப் பக்கம் வரும். அதில் டச் சோதனை இருக்கிறது. மற்ற ஆண்ட்ராய்டுகளில் செட்டிங்ஸில் போன் பற்றிய பக்கத்தில் இருக்கும் பில்டு எண்ணை ஏழுமுறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்களைத் திறந்து, பாயிண்டர் லொகேஷனை இயக்கினால் விரல் போகும் இடமெல்லாம் கோடு விழும். கோடு அறுந்து மறுபடி தொடங்கும் இடம்தான் செத்த பகுதி. ஐபோனில் ஒரு செயலிச் சின்னத்தை அழுத்திப் பிடித்துத் திரை முழுக்க இழுத்துப் பாருங்கள், கையை விட்டு நழுவும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓரத்திலிருந்து ஓரம் வரை நேர்ப்பட்டையாகச் செத்திருந்தால் உணரியின் ஒரு வரிசை அறுந்திருக்கிறது என்று பொருள். இதற்கு மருந்து இல்லை. டச்சைச் சீரமைப்பதாகச் சொல்லும் செயலிகள் அறுந்த கம்பியை ஒட்டாது; விளம்பரத்தைத்தான் காட்டும். திரையை மாற்றுவது ஒன்றே வழி. அதுவரை ஓட்ட ஒரு உபாயம்: தானாகச் சுழலும் வசதியை இயக்கிவிட்டு, போனைக் கிடைமட்டமாகத் திருப்புங்கள். தேவையான பட்டன் செத்த பட்டையிலிருந்து உயிருள்ள பக்கத்துக்கு நகர்ந்துவிடும்.

தானாகவே தொடுகிறது, தானாகவே தட்டச்சு செய்கிறது

கோஸ்ட் டச் என்று கடைகளில் சொல்வது இதுதான். முதல் வேலை, சார்ஜரை உருவுங்கள். தரமில்லாத சார்ஜரின் மின் இரைச்சலை உணரி விரல் என்று நினைத்துக்கொள்ளும். உருவியதும் நின்றுவிட்டால் கெட்டது சார்ஜரோ வயரோதான். அடுத்து டெம்பர்ட் கிளாஸ், ஈரம், உலோக ஓரமுள்ள கவர்.

அதற்கும் அடங்கவில்லை, திரையில் விரிசலும் இருக்கிறது என்றால், மேலே சொன்ன அறிவுரையை இங்கே தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள்: முக்கியமானதை எடுத்த கையோடு போனை அணைத்துவிடுங்கள். பேய் பிடித்த திரை பூட்டுப் பக்கத்தில் தானாக எண்களை அழுத்திக்கொண்டே இருக்கும். தவறான முயற்சிகள் ஏற ஏறப் போன் நீண்ட நேரம் பூட்டிக்கொள்ளும், கடைசியில் அழித்தால்தான் திறக்கும் என்ற நிலைக்கும் போகும். நள்ளிரவில் யாருக்கோ அழைப்பு போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

விழவும் இல்லை, விரிசலும் இல்லை, ஆனால் சில வாரங்களாக இப்படி என்றால் போனைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். திரைக்கும் சட்டத்துக்கும் இடையே மெல்லிய இடைவெளி தெரிகிறதா? பின்மூடி உப்பலாக இருக்கிறதா? மேசையில் வைத்தால் சுழல்கிறதா? பேட்டரி வீங்கி உள்ளிருந்து திரையைத் தள்ளுகிறது. சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். அழுத்தி உள்ளே தள்ளவோ, நீங்களே நெம்பி எடுக்கவோ வேண்டாம். குத்துப்பட்டால் தீப்பிடிக்கும் பொருள் அது. அனுபவமுள்ளவர் கையால் பேட்டரியை மாற்றிய பின், திரை நன்றாகவே இருப்பது தெரியவரலாம்.

திரை கருப்பு, ஆனால் உயிர் இருக்கிறது

வேறு போனிலிருந்து அழையுங்கள். மணி அடிக்கிறது, அதிர்கிறது என்றால் படம்தான் போயிருக்கிறது. எல்சிடி போன் என்றால் இருட்டில் திரைமேல் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகச் சின்னங்கள் தெரிந்தால் பேனல் பிழைத்திருக்கிறது, பேக்லைட்டோ அதற்கு மின்சாரம் தரும் போர்டு பகுதியோதான் போயிருக்கிறது. போர்டு பகுதி போயிருந்தால் திரை மாற்றியும் சரியாகாது. அப்போது போர்டு வேலை தெரிந்தவரிடம் போகவேண்டும். ஓஎல்இடியில் இந்தச் சோதனைக்கு வேலை இல்லை.

கோடு, கறை, நிறம்

கருப்பு மை பரவியது போன்ற கறை, ஊதா நிறப் படலம், நாளுக்கு நாள் பெரிதாகும் இருள்: பேனல் உடைந்துவிட்டது, விவாதத்துக்கு இடமில்லை. மேலிருந்து கீழாக ஒற்றைப் பச்சைக் கோடோ இளஞ்சிவப்புக் கோடோ ஓஎல்இடியில் விழுந்தால், பேனலின் ஓரத்து இணைப்பில் சிக்கல். விழாமலே வந்திருந்தால் கடைக்குப் போகுமுன் நிறுவனத்தின் சேவை மையத்தில் கேளுங்கள், சில மாடல்களுக்கு இதை இலவசமாக மாற்றிக் கொடுத்த நிறுவனங்கள் உண்டு. மென்பொருளா வன்பொருளா என்று சந்தேகமா? கோடு தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு போனில் பாருங்கள். அதிலும் கோடு இருந்தால் மென்பொருள், இல்லையென்றால் பேனல்.

நானே மாற்றலாமா?

சில போன்களில் முன்பக்கத் திரையை நேராகத் திறந்து, இரண்டு மூன்று கனெக்டரைக் கழற்றினால் போதும். பல ஆண்ட்ராய்டு போன்களில் பின்மூடியைச் சூடாக்கித் திறந்து, போர்டு, பேட்டரி எல்லாவற்றையும் புதிய சட்டத்துக்கு இடம் மாற்றவேண்டும். உங்கள் மாடலுக்கு, பழுதுபார்க்கும் முறைகளைப் படிப்படியாகச் சொல்லும் ஐஃபிக்ஸிட் இணையதளத்தின் வழிகாட்டியை முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை படியுங்கள். படிக்கும்போதே நாக்கு வறண்டால் கடைக்குப் போங்கள். காப்பீடோ கூடுதல் பாதுகாப்புத் திட்டமோ இருந்தால் திறக்கவே திறக்காதீர்கள்.

திரை வாங்கும்போது போனின் பெயரை வைத்து வாங்கக்கூடாது, முழு மாடல் எண்ணை வைத்து வாங்கவேண்டும். ஒரே பெயரில் இரண்டு மூன்று வகை இருக்கும், கனெக்டர் பொருந்தாது. சட்டத்தோடு வருவதா, சட்டமில்லாததா என்றும் பாருங்கள். சட்டத்தோடு உள்ளது விலை கூட. ஆனால் வேலை சுத்தமாக முடியும், விழுந்ததில் பழைய சட்டம் வளைந்திருந்தாலும் கவலையில்லை. வளைந்த சட்டத்தில் ஒட்டிய புதுத் திரை பிறகு தானாகவே விரிசல் விடலாம்.

"ஒரிஜினல்" என்ற சொல்லுக்குச் சந்தையில் பொருள் கிடையாது. நிறுவனமே பெட்டியில் தரும் சர்வீஸ் பேக் ஒன்று; பழைய போனிலிருந்து கழற்றியது ஒன்று; அசல் பேனலில் புதுக் கண்ணாடி ஒட்டியது ஒன்று; வேறு நிறுவனம் செய்த ஓஎல்இடி ஒன்று, அதிலும் வளையக்கூடிய சாஃப்ட், வளையாத ஹார்டு என்று இரண்டு; கடைசியாக ஓஎல்இடி போனுக்கென்றே செய்த எல்சிடி. இந்தக் கடைசி ரகம் மிக மலிவு. தடிமன் கூடும், கருப்பு சாம்பலாகத் தெரியும், பேட்டரியையும் கூடுதலாகக் குடிக்கும். திரைக்கடியில் ஒளி மூலம் கைரேகை படிக்கும் போனில் அதைப் போட்டால் கைரேகையை மறந்துவிடவேண்டியதுதான்.

வேலையைப் பற்றி: பேட்டரியை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள், தவறிக் குத்துப்பட்டாலும் ஆபத்து குறையும். ஓரத்தை ஹேர் டிரையரால், கை வைத்தால் சுடும் அளவுக்கு மட்டும் சூடாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகிச் சுற்றி வாருங்கள். ஆழமாக விடாதீர்கள், ஓரத்திலேயே ஸ்ட்ரிப் ஓடும். கண்ணாடி நொறுங்கியிருந்தால் முதலில் ஒட்டுநாடாவால் மூடி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், பிறகுதான் மற்றவை. ஸ்க்ரூக்களை ஒரு தாளில் போன் படம் வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஒட்டி வையுங்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் நீளம் வேறுவேறு. நீளமான ஒன்றைக் குட்டைக்குரிய துளையில் திருகி, போர்டுக்குள் ஓடும் இழையைத் துண்டித்து ஒரு நல்ல போனைக் கொன்றவன் நான். "கொஞ்சம் டைட்டா இருக்கே" என்று தோன்றியது, ஆனாலும் திருகினேன்.

ஒட்டுவதற்கு முன் சோதியுங்கள். புதுத் திரையைக் கனெக்டரில் மட்டும் மாட்டி, பேட்டரியை இணைத்து, படம், டச், ஒளி எல்லாம் பாருங்கள். பெரும்பாலான விற்பனையாளர்கள் பாதுகாப்புத் தாளை உரித்த, பசை பட்ட திரையைத் திரும்ப வாங்கமாட்டார்கள். சரியாக இருந்தால் மறுபடி பேட்டரியைக் கழற்றி, பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அந்த மாடலுக்கான ஒட்டுத்தாளோ பி-7000 போன்ற பசையோ போட்டு, ரப்பர் பட்டையோ கிளிப்போ மாட்டி ஓர் இரவாவது அசையாமல் விடுங்கள். பசை முழுமையாக இறுக ஒன்றிரண்டு நாள் ஆகும். தண்ணீர் தாங்கும் தன்மை மட்டும் முன்போல் வராது.

ஐபோனுக்கு இரண்டு எச்சரிக்கைகள். 5எஸ் முதல் 8 வரை ஹோம் பட்டனின் கைரேகை அந்தந்த போர்டோடு இணைக்கப்பட்டது. பழைய பட்டனைக் கிழிக்காமல் புதுத் திரைக்கு மாற்றவேண்டும். எக்ஸ் முதல் 12 வரை திரையின் மேல் ஓரத்தில் காதொலிபெருக்கியோடு இருக்கும் உணரித் தொகுப்பும் அப்படித்தான். அது போனால் ஃபேஸ் ஐடி போயிற்று.

கடையில் கொடுப்பதானால்

பின் எண்ணை எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோடு, பிக்சலில் ரிப்பேர் மோடு இருக்கின்றன. போட்டுவிட்டால் உங்கள் படங்களைப் பார்க்காமலே அவர்கள் எல்லாவற்றையும் சோதிக்கலாம். டச் இல்லாததால் அதைப் போட முடியவில்லையா? கூடவே இருந்து, நீங்களே திறந்து காட்டுங்கள். சிம், மெமரி கார்டு, கவர் மூன்றையும் எடுத்துக்கொண்டு கொடுங்கள். எந்த ரகத் திரை என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொல்லும் உத்தரவாதம் கடை வாசலோடு சரி. பழைய திரையைத் திருப்பிக் கேளுங்கள். பேனல் நன்றாக இருந்து கண்ணாடி மட்டும் உடைந்த திரைக்குச் சந்தையில் விலை உண்டு. அதை விட்டுவிட்டால் நஷ்டம் நமக்கு.

வாங்கும்போது கவுன்டரிலேயே சோதியுங்கள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சின்னத்தை நான்கு மூலைக்கும் இழுங்கள். ஒருவரை அழைத்துக் காதில் வைத்தால் திரை அணைகிறதா, குரல் கேட்கிறதா? முன் கேமராவில் தூசி இல்லையே? சார்ஜரைச் செருகியபடி தட்டச்சு செய்தும் பாருங்கள், மட்டமான திரை அப்போதுதான் உளறும்.

மாற்றிய பிறகு வரும் தொல்லைகள்

புதுத் திரையில் டச் விட்டுவிட்டு வேலை செய்தால் பெரும்பாலும் கனெக்டர் முழுதாக உட்காரவில்லை. அழைப்பின்போது திரை அணையவில்லை என்றால் அருகாமை உணரியின் மேல் இருக்கவேண்டிய ரப்பரோ தாளோ பழைய திரையோடு போயிருக்கும். ஐபோன் 11 முதலான மாடல்களில் அசல் திரை என்று உறுதிசெய்ய முடியவில்லை என ஒரு செய்தி வரும், சுற்றுப்புற ஒளிக்கேற்பத் திரையின் நிறத்தை மாற்றும் ட்ரூ டோன் வசதி காணாமல் போகலாம். போன் ஓடும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சேவை மையத்தின் அசல் என்று சொல்லி வாங்கிய திரையில் அந்தச் செய்தி வந்தால் ரசீதோடு திரும்பிப் போங்கள். திரைக்கடிக் கைரேகை அடையாளம் காணாமல் திணறினால் பழைய பதிவுகளை அழித்து, டெம்பர்ட் கிளாஸ் ஒட்டாமல் புதிதாகப் பதிந்து பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் உணரியை அளவீடு செய்யவேண்டியிருக்கும். பிக்சல் 6 முதல் சில மாடல்களுக்கு அதற்கான கருவியை கூகுளே இணையத்தில் வைத்திருக்கிறது, கணினியோடு போனை இணைத்து நாமே செய்துகொள்ளலாம்.